தண்ணீர் குடிக்காத தோல்

எங்கள் ஊர்ப் பக்கம் பாலாற்றில் தண்ணீர் வந்தால் அதைப் பார்க்க ஆம்பூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து ஆட்கள் வருவார்கள். செல்ஃபி எடுப்பார்கள், பூ தூவுவார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் வற்றி, மறுபடியும் ஆற்றுக்குள் கிரிக்கெட் ஆரம்பமாகிவிடும். அதனால் எங்கள் சவேரியார்புரத்துக் கல்லறைத் தோட்டத்தை ஆற்றங்கரையில் கொண்டுபோய் வைத்தவர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். வராத ஆற்றுக்கு யார் பயப்படுவார்கள்? என் வயிற்றெரிச்சல் எல்லாம் பாலம் கட்ட வந்தவர்கள் மேல்தான்.

அந்தத் தோட்டத்தின் கடைசி வரிசையில், ஆற்றை ஒட்டிய பக்கம், என் அம்மா பிரிசில்லாவின் கல்லறை. அவளை அந்த இடத்திலேயே வைத்துக்கொள்ள அப்பா பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

அம்மாவும் அப்பாவும் ஒரே ஷூ கம்பெனி. அப்பா அந்தோணி கட்டிங்கில், அம்மா தையலில். நானும் இப்போது அதே கம்பெனிதான். ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்து சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் போடுகிற வேலை. என்னை அந்த நாற்காலியில் உட்காரவைக்க அம்மா பார்த்த ஓவர்டைம் கொஞ்சநஞ்சம் இல்லை. கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவாள். பூசையில் சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கினால் தூங்குவாள். தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று தூங்குவாள். கருகிய தோசைக்கு எங்கள் வீட்டில் ‘அம்மா தோசை’ என்றே பெயர். புற்றுநோய் வந்து படுத்த பிறகு வலி அவளைத் தூங்கவிடவில்லை. புதைத்த அன்று அப்பா அழவில்லை. “இனிமேலாவது தூங்கட்டும்” என்று மட்டும் சொன்னார்.

பாலம் வேண்டும் என்று கேட்டது நாங்கள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அக்கரையில் இருக்கிற நெடுஞ்சாலைக்குப் போக இத்தனை காலமும் சுற்றிக்கொண்டுதான் போனோம். பாலம் வருகிறது என்றதும் பட்டாசு வெடித்தோம். காண்ட்ராக்டர் ஆட்கள் வந்தார்கள். லாரி போய் வர ஆற்றுக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி ஒரு பாதை போட்டார்கள். அக்கரையில் தொடங்கிய மண்பாதை எங்கள் கரைக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. தண்ணீர் போவதற்கு என்று அதன் அடியில் இரண்டு மூன்று குழாய் வைத்தார்கள். குளியலறைத் தண்ணீர் போகும், ஆறு போகாது. ஆறு போக மிச்சம் இருந்தது எங்கள் கரையை ஒட்டிய சந்து ஒன்றுதான். தண்ணீர் அந்தச் சந்தைத் தாண்டினால் நேராகக் கல்லறைத் தோட்டம். போதாக்குறைக்கு, பாதைக்கான மண்ணையும் எங்கள் கரையின் காலடியிலிருந்தே வெட்டி எடுத்தார்கள்.

ஆகஸ்டில் ஆலங்காயம் மலைப்பக்கம் ஒரு மழை பெய்து, கணுக்காலை நனைக்கிற அளவுக்குத் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான் வந்தது. அது அந்தச் சந்தில் புகுந்து, கல்லறைத் தோட்டத்து முள்வேலியையும் ஓரத்தில் இருந்த புங்க மரத்தையும் கொண்டுபோய்விட்டது. அம்மாவின் கல்லறைக்கும் கரையின் விளிம்புக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற இடம்தான் மிச்சம்.

பாலத்து வேலையைப் பார்த்துக்கொள்கிற இன்ஜினியர் பிரேம்நாத் என் வயசுப் பையன். நல்ல பையன் என்பதுதான் கொடுமை. கத்துவதற்கு ஒரு முகம் வேண்டும், அது அவனிடம் இல்லை.

“மழைக்கு முன்னாடி மண்ண எடுத்துடுவோம் அங்கிள்” என்றான் அப்பாவிடம். “மேல சொல்லியிருக்கேன்.”

“மேலன்னா யாரு தம்பி?” என்றார் அப்பா.

அவன் மேலே பார்த்தான். அங்கே வானம்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

திங்கட்கிழமை மனு நாளில் லீவு போட்டுவிட்டுத் திருப்பத்தூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். பாலம் ஒரு துறை, ஆறு ஒரு துறை, கல்லறை நிலம் வேறொரு துறை என்று ஒவ்வொரு மேஜையிலும் அன்பாகவே சொன்னார்கள். கரை யாருடையது என்று கேட்டேன். கேட்டதற்கு ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்து, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பதில் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் கடைசி வரிசைக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மழை வருவதற்குள் அந்த வரிசையில் இருக்கிறவர்களைத் தோண்டி எடுத்து, ரோட்டுப் பக்கம் மேட்டில் மறுபடி அடக்கம் செய்துவிடலாம், அனுமதியெல்லாம் தானே வாங்கித் தருகிறேன் என்றார். எல்லாரும் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுச் சரி என்றார்கள். அப்பா மட்டும் எழுந்தார்.

“நான் அவள எழுப்ப மாட்டேன் சாமி.”

“அந்தோணி, ஆறு கேட்டுக்கிட்டு வராது.”

“கரைய நான் நிறுத்திக்கிறேன்” என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்து நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அம்மா வேண்டும், அவ்வளவுதான். மேட்டில் இருந்தால் என்ன, பள்ளத்தில் இருந்தால் என்ன. போய் உட்கார ஒரு இடம் வேண்டும்.

“அப்பா, அங்க இருக்கிறது எலும்புதான்பா. எடுத்து வெச்சா இன்னா ஆய்டும்?”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். “உனக்கு எலும்பு. ஆயுசு பூரா அலாரம் வெச்சு எழுந்தவ அவ. இப்ப நான் போயி கடப்பாரை வெச்சு எழுப்பணுமா?”

எனக்கு அழுகை வந்தது, அவருக்குப் புரை ஏறியது. தண்ணீர் கொடுத்தேன். அந்த வாரம் மற்ற குடும்பங்கள் தங்கள் ஆட்களை மேட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். அப்பா ஒத்தாசைக்குக்கூடப் போகவில்லை. நானும் போகவில்லை. கடைசி வரிசையில் குழிகளை மூடிய புது மண்ணுக்கு நடுவே அம்மா மட்டும் தனியாக நின்றாள்.

கரையை நிறுத்துவது என்றால் மணல் மூட்டை அடுக்க வேண்டும். ஆற்றில்தான் மணல் இருக்கிறது. அதைத் தொட்டால் போலீஸ். லாரி லாரியாகப் போனதை யாரும் பார்க்கவில்லை, ஆனால் அப்பா ஒரு சாக்கும் மண்வெட்டியுமாக இறங்கிய அன்றைக்கே ஜீப் வந்து நின்றது. கேஸ் போடாமல் விட்டதே பெரிய மனசு என்று சொல்லி அனுப்பினார்கள். கடையில் விற்கிற எம்-சாண்ட், அந்தக் கல் உடைத்த மணல், எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

அப்போதுதான் நயீம் மாமு அந்த யோசனையைச் சொன்னார். நயீம் அகமது எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் இன்சார்ஜ், அப்பாவுக்கு இருபது வயசிலிருந்து தோஸ்த். அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கிய நான்கு பேரில் ஒருவர். அந்த வருஷம் எங்கள் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது. ஐரோப்பாக்காரர்கள் பனியில் போட்டுக்கொண்டு நடக்கிற பூட்ஸ். அதற்கென்றே தண்ணீர் இறங்காத தோல். வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள் மூட்டை மூட்டையாகக் குடோனில் கிடந்தன.

“மணல் மூட்டை இன்னா அந்தோணி, தண்ணி பட்டா சாக்கு கிழியும், மணல் கரையும். இத பாரு” என்று ஒரு துண்டை எடுத்து அப்பா உள்ளங்கையில் வைத்து, பாட்டில் தண்ணீரை ஊற்றினார். சேப்பங்கிழங்கு இலையில் ஓடுவது போலத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. துண்டைத் திருப்பித் துடைத்துக் காட்டினார். காய்ந்து கிடந்தது. “மக்காது, ஊறாது, ஒரு சொட்டு குடிக்காது. பத்து வருசம் ஆனாலும் அப்டியே கெடக்கும்.”

அப்பா அந்தத் துண்டை வளைத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தோலை வெட்டியவர். அவர் முகத்தில் எத்தனையோ நாள் கழித்து ஒரு தெம்பைப் பார்த்தேன்.

இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் கூடியவர்களில் பாதிப் பேர் தோல் வேலைக்காரர்கள். தோலைப் பற்றி எங்கள் ஊரில் ஆளுக்கொரு வாய் உண்டு. எல்லா வாயும் அன்றைக்கு ஒன்றையே சொன்னது. இந்தத் தோல் தண்ணீரை ஜெயிக்கும். சோதனை செய்ததில் தண்ணீர் இறங்கவில்லை என்று பையருக்கு மெயில் போட்டவளே நான்தான், நானும் நம்பினேன். பிரேம்நாத் வந்து பார்த்து, “சூப்பர் ஐடியா அங்கிள்” என்று போட்டோ எடுத்துக்கொண்டான். இன்ஜினியரிங் படித்த பையன்.

சவுக்குக் கொம்பு நட்டு, அதற்குள் மூட்டைகளை நெருக்கி அடுக்கி, நைலான் கயிற்றால் வரிந்து கட்டினோம். மூட்டைகள் தூக்குவதற்குச் சுலபமாக இருந்தன. பெண்கள்கூட ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு வந்தோம். சுலபமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டோமே தவிர, ஏன் இவ்வளவு சுலபம் என்று ஒரு ஆள் கேட்கவில்லை. மத்தியானம் நயீம் மாமு வீட்டிலிருந்து ஒரு பெரிய தேக்சா நிறைய பிரியாணி வந்தது. கல்லறைத் தோட்டத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பழைய பாட்டெல்லாம் பாடினார்கள். அம்மா போன பிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். அந்த ஒரு நாளுக்காக இன்றைக்கும் நான் யாரையும் திட்ட மாட்டேன்.

அக்டோபர் தொடக்கத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. பிரேம்நாத்தின் ஆட்கள் மண்பாதையை எடுக்கவில்லை. அப்பா போன் செய்தால், “நாளைக்கு ஜேசிபி வருது அங்கிள்” என்பான். நாளைக்கும் அதையேதான் சொன்னான்.

ஒரு மத்தியானம், வாணியம்பாடியில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது என்று எல்லாருடைய போனிலும் வீடியோ வந்தது. அப்பா வெட்டிக்கொண்டிருந்த தோலைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தார். நயீம் மாமுவின் வண்டியில் அவரும், பின்னால் என் ஸ்கூட்டியில் நானும் போய்ச் சேர்ந்தபோது ஆறு வந்துவிட்டிருந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்க்காத ஆறு. செம்மண் நிறத்தில், கரைக்குக் கரை. மண்பாதையில் முட்டி, போக வழியில்லாமல் திரும்பி, மொத்த ஆறும் எங்கள் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

மூட்டைகள் நின்றன. முதலில் நின்றன. நயீம் மாமு அப்பாவின் தோளைத் தட்டி, “பாத்தியா, பாத்தியா” என்றார். தண்ணீர் அடி வரிசைக்கு வந்தது, அடுத்த வரிசைக்கு ஏறியது. ஒரு மூட்டையும் கிழியவில்லை. ஒன்றும் கரையவில்லை. நான்கூட மனசுக்குள் ஜெபம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

பிறகு சுவர் எழுந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உடையவில்லை, சரியவில்லை. கயிறு கட்டினபடியே, மொத்தமாக, மெதுவாக மேலே வந்தது. சவுக்குக் கொம்புகள் பல் பிடுங்குவதைப் போல ஒவ்வொன்றாகக் கழன்றன. கயிறு அவிழ்ந்து மூட்டைகள் தனித்தனியாகப் பிரிந்து, குலுங்கிக் குலுங்கி மிதந்து போயின. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கியிருக்காது. கரையைக் காக்கிற மூட்டை தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய் உட்கார வேண்டும். நாங்கள் பிழைத்ததே தோலைக் குடிக்கவிடாமல் செய்கிற தொழிலில். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு கரை கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை. முதலில் மூடிய குழிகள் இருந்த பக்கம் போயிற்று. அப்பா ஓடினார். நயீம் மாமு பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அப்பா அவரை அடித்தார், கையைக் கடித்தார். மாமு விடவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை. அம்மாவின் சிலுவை ஆற்றுப் பக்கம் லேசாகச் சாய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அந்த இடத்தில் கரையே இல்லை.

சாயங்காலம் மண்பாதை தானாகவே உடைந்தது. ஆறு நடுவில் வழி செய்துகொண்டு, எங்கள் கரையை விட்டு விலகி அமைதியாகப் போனது. காண்ட்ராக்டருக்கு ஜேசிபி வாடகை மிச்சம்.

தண்ணீர் வடிந்ததும் எங்கள் மூட்டைகள் கீழே ஒரு தடுப்பணையில் போய்க் குவிந்து கிடப்பதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டார்கள். பாலாற்றில் தோல் கழிவைக் கொட்டியது யார் என்று ஊரே கொதித்தது. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் எத்தனை வருஷமாக இந்த ஆற்றில் என்னென்ன விட்டார்கள். அதற்கெல்லாம் இவ்வளவு வேகமாக யாரும் வந்து நான் பார்த்ததில்லை. வந்தார்கள், விசாரித்தார்கள், மூட்டை எந்தக் குடோனிலிருந்து போனது என்று கண்டுபிடித்தார்கள். கம்பெனி நயீம் மாமுவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. மாமுவுக்காகப் பேசிய என்னை மேனேஜர் கூப்பிட்டு, “ஆத்துல தோல் போட்டது உண்மையா இல்லையா?” என்றார். உண்மைதான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு எங்கே போய் முட்டிக்கொள்வது?

மண்பாதைக்காக யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. பிரேம்நாத்துக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. போகும்போது வீட்டு வாசலில் வந்து நின்றான். “மேல சொன்னேன்க்கா, நெஜமாவே சொன்னேன்” என்றான். நான் கதவைச் சாத்திவிட்டேன். கரைக்குத் தடுப்புச் சுவர் வரப்போகிறது என்று பிறகு கேள்விப்பட்டோம். பாலத்தின் காலிலிருந்து கல்லறைத் தோட்டம் தொடங்கும் இடம் வரை மட்டும். கட்டப்போவது அதே காண்ட்ராக்டர்.

கல்லறைத் திருநாள் வந்தது. ஊரெல்லாம் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். வர வேண்டாம் என்று நான் சொல்லியும் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி. வாசலில் நயீம் மாமு நின்றிருந்தார். வெள்ளம் வந்த நாளிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. முகம் பாதியாகிவிட்டது. கையில் அப்பாவின் பல் பதிந்த காயம் இன்னும் ஆறாமல் இருந்தது.

“அந்தோணி, நான்தான் அந்த மூட்டைய…” என்று ஆரம்பித்தார்.

“வா பாய்” என்றார் அப்பா. அதற்கு மேல் அவரைப் பேசவிடவில்லை.

விளிம்பில் ஒரு பொதுச் சிலுவை நட்டுக் கொடுக்கிறேன், அங்கே ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொல்லியிருந்தார். அப்பா அந்தப் பக்கம் போகவே இல்லை. ரோட்டுப் பக்கம், மேட்டில், கடைசி வரிசையிலிருந்து மாற்றி வைத்தவர்களின் புதுக் கல்லறைகள் இருந்தன. அங்கே போய் நின்றார். நானும் அன்றைக்குத்தான் அவற்றைப் பார்த்தேன். பெரியவர்களுடைய கல்லறை மாதிரியே இல்லை. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும். எலும்புகளை வைத்த சின்னப் பெட்டிக்கு அந்த இடம் போதுமானதாக இருந்திருக்கிறது.

அப்பா குனிந்து, கையை விரித்து, ஒரு கல்லறையின் மேல் வைத்துப் பார்த்தார். வெட்டுவதற்கு முன்னால் தோலை அளக்கிற மாதிரி நுனியிலிருந்து நுனிவரை வைத்தார்.

“இவ்ளோதானா நிஷா?” என்றார். “உங்கம்மாவும் இவ்ளோதான் இருந்திருப்பாளா?”

சொன்னேனே அப்பா, எலும்புதான் என்று அன்றைக்கே சொன்னேனே. இதைச் சொல்ல எத்தனை நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை.

“இல்லப்பா” என்றேன். “அம்மா நல்ல ஒசரம். இதுல அடங்கியிருக்க மாட்டாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தது. இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டி, அதில் ஏதோ இருப்பது போலக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அடங்கியிருப்பாம்மா. நானே தூக்கினு வந்திருப்பேனே” என்றார்.

நயீம் மாமு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மெழுகுவர்த்திக் கட்டை அப்பா பிரிக்கவே இல்லை. நான் அதை வாங்கி, பக்கத்தில் மெழுகுவர்த்தி போதாமல் நின்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டு, அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.